பத்தாம் வகுப்பில் 96, பதினொன்றில் தடுமாற்றம்: வேதியியல் அடிப்படையை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியலில் 96 மதிப்பெண் பெற்றார். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல்-கணிதப் பிரிவில் சேர்ந்தார். முதல் இடைப்பருவத் தேர்வில் வேதியியலில் தேர்ச்சி மதிப்பெண்ணைக்கூட எட்டவில்லை. அடிப்படை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க ஐம்பது கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று வேண்டும் என்றும், தேவையானால் குரூப்பை மாற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த 96 மதிப்பெண் உங்கள் மகளுக்கு வேதியியலில் எது தெரியும் என்பதற்குச் சான்று, எதற்குச் சான்று இல்லை என்பதே உங்கள் கேள்வியின் உட்பொருள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்தும் முதுகலை ஆசிரியனாக, ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வரும் மாணவர்களிடம் நான் தேடுவதும் இதைத்தான்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத ஒன்றைச் சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் அறிவியல் என்ற ஒரே தாளுக்குள் அடங்குகின்றன. 75 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 25 செய்முறைக்கு. அந்த 75இல் வேதியியல் ஒரு பகுதி மட்டுமே. அதிலும் பெரும்பகுதியைப் பாடத்தின் பின்னால் உள்ள வினாக்களை நன்றாகப் படித்த மாணவி எளிதாக எடுத்துவிடலாம். ஆகவே 96 என்பது உழைப்புக்கும் நினைவாற்றலுக்கும் உறுதியான சான்று; மோல் கணக்கு, அதாவது அணு, மூலக்கூறு போன்ற துகள்களின் எண்ணிக்கையை வைத்துப் போடும் கணக்கு, புரிந்திருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது. பதினொன்றாம் வகுப்பு வேதியியலோ முதல் பாடத்திலேயே மோல், வேதிக் கணக்கீடு என்றுதான் தொடங்குகிறது. இடைப்பருவத் தேர்வில் பெரும்பாலும் அதிலிருந்தே கேட்டிருப்பார்கள். எனவே மதிப்பெண் விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து அடிப்படையே இல்லை என்று முடிவுகட்டவும் முடியாது.

ஐம்பது கேள்விகள் கொண்ட வினாத்தாள் வேண்டாம் என்பதே என் கருத்து. சோடியத்தின் அணு எண் என்ன, மந்த வாயுக்கள் எத்தனையாவது தொகுதி, சலவை சோடாவின் வேதிப்பெயர் என்ன என்பன போன்ற கேள்விகளுக்கு உங்கள் மகள் சரியாகவே பதில் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டாலும் கவலையில்லை, இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தால் திரும்ப வந்துவிடும். இணைதிறன், அயனிகளின் பெயர்கள், தனிம வரிசை அட்டவணையின் முதல் இருபது தனிமங்கள் ஆகியவற்றையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். படித்தால் திரும்ப வராத மூன்று விஷயங்கள் உண்டு: வினையில் நிறை எங்கும் போய்விடுவதில்லை என்ற உணர்வு, பொருளைத் துகள்களாகக் காணும் பழக்கம், அந்தத் துகள்களை எண்ணுவதற்குரிய விகித அறிவு. சோதிக்க வேண்டியது இவற்றைத்தான். அதற்கு ஏழெட்டுக் கேள்விகள் போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் பதிலோடு காரணத்தையும் கேட்க வேண்டும்.

காரணம் கேட்பது என் கண்டுபிடிப்பு அன்று. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டேவிட் டிரீகஸ்ட் 1980களில் ஈரடுக்கு வினா என்னும் முறையை உருவாக்கினார்: முதல் அடுக்கில் விடை, இரண்டாம் அடுக்கில் அந்த விடைக்கான காரணம், இரண்டும் சரியாக இருந்தால்தான் அது சரியான விடை. அதேபோல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் ஜான்ஸ்டன், வேதியியல் மூன்று தளங்களில் நடக்கிறது என்று காட்டினார்: கண்ணால் காணும் மாற்றம், கண்ணுக்குத் தெரியாத துகள்கள், தாளில் எழுதும் குறியீடுகளும் எண்களும். ஆசிரியர் இந்த மூன்றுக்கும் இடையே தாவிக்கொண்டே பாடம் நடத்துகிறார். மாணவர் குறியீட்டுத் தளத்திலேயே நின்றுவிடுகிறார். நம் ஊர் வகுப்பறைகளில் நான் பார்ப்பதும் இதுவே. நல்ல மதிப்பெண் எடுப்பவர்களிடம் இது இன்னும் கூடுதலாகத் தெரிகிறது, ஏனென்றால் குறியீட்டுத் தளத்தில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

நிறையிலிருந்து தொடங்குங்கள். இரும்புத் தூளையும் சிறிது நீரையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, காற்றுப் புகாமல் மூடி எடை பார்க்கிறோம். சில நாட்களில் தூள் துருப்பிடித்துவிடுகிறது. மூடியைத் திறக்காமல் மறுபடி எடை பார்த்தால் கூடியிருக்குமா, குறைந்திருக்குமா, அதே அளவா? துரு என்றால் அரிப்பு, அரிப்பு என்றால் இழப்பு என்று நினைத்துக் குறையும் என்பவர்கள் உண்டு. ஆக்சிஜன் சேர்ந்ததால் கூடும் என்பவர்களும் உண்டு. இரண்டாமவர் பாடத்தைப் படித்தவர், ஆனால் அந்த ஆக்சிஜன் புட்டிக்குள் ஏற்கெனவே எடையில் சேர்ந்திருந்ததை மறந்தவர். விடை, அதே அளவு. சரியாகச் சொல்லிவிட்டால் ஒருபடி மேலே போய், இப்போது மூடியைத் திறந்து மறுபடி மூடி எடை பார்த்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். செலவான ஆக்சிஜனின் இடத்தை நிரப்ப வெளிக்காற்று உள்ளே புகும். எடை சற்றே கூடும். இதையும் தானாகச் சொல்லும் மாணவிக்கு நிறை அழியா விதி மனப்பாட வரியாக இல்லை, கையில் இருக்கிறது என்று நம்பலாம்.

அடுத்தது துகள். கொதிக்கும் நீரில் எழும் பெரிய குமிழ்களுக்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். நியூசிலாந்தில் ஆஸ்போர்ன், காஸ்குரோவ் இருவரும் 8 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இதைக் கேட்டு 1983இல் வெளியிட்ட ஆய்வு, வேதியியல் கற்பிப்போரிடையே நன்கு அறியப்பட்டது. காற்று என்றும் வெப்பம் என்றும் வந்த விடைகளோடு, ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்ற விடையும் வந்தது. இந்த மூன்றாவது விடை மேல் வகுப்பு மாணவரிடம் நிறையவே இருந்தது. நீரின் வாய்பாட்டைக் கற்ற பிறகுதான் அப்படித் தவறு செய்யவே முடியும் என்பதைக் கவனியுங்கள். குமிழில் இருப்பது நீராவி, அதாவது பிரிந்து போகாத அதே நீர் மூலக்கூறுகள். ‘நீராவி’ என்று உங்கள் மகள் சொன்னால் அத்துடன் விட்டுவிடாமல், கொதிப்பதற்கு முன்பு நீரிலும் பின்பு குமிழிலும் மூலக்கூறுகள் எப்படி இருக்கும் என்று படம் வரையச் சொல்லுங்கள். குமிழுக்குள் மூலக்கூறுகளைப் பெரிதாக ஊதி வரைந்தாலோ, தனித்தனி அணுக்களாகப் பிரித்து வரைந்தாலோ, சொன்ன விடை செவிவழி வந்தது. மூலக்கூறுகள் அதே அளவில், வெகு தொலைவில் விலகி நின்றால் சரி.

இப்போது சொல்லப்போகும் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சோதனையின் மையம். நேரம் குறைவாக இருந்தால் இதை மட்டும் கேட்டால்கூடப் போதும். ஒரு பெட்டி வரைந்து அதற்குள் ஆறு ஹைட்ரஜன் மூலக்கூறுகளையும் இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் ஒட்டிய இரட்டை வட்டங்களாகப் போடுங்கள். இவை வினைபுரிந்து நீர் உண்டாகிறது. வினை முழுமையாக முடிந்தபின் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று பக்கத்தில் வரையச் சொல்லுங்கள். சரியான படத்தில் நான்கு நீர் மூலக்கூறுகளும், வினைபுரியாமல் எஞ்சிய இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் இருக்கும். சமன்செய்த சமன்பாட்டைப் பிழையின்றி எழுதிவிட்டு, பெட்டிக்குள் ஆறு நீர் மூலக்கூறுகளை வரையும் மாணவர்கள் ஏராளம். அவற்றுக்கு வேண்டிய ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் வட்டங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் திகைப்பார்கள். வேறு சிலர் நான்கு ஹைட்ரஜன் அணுக்களும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் ஒன்றாக ஒட்டிய ஒரே பெரிய மூலக்கூறை வரைவார்கள். சமன்பாட்டில் வாய்பாட்டுக்கு முன்னால் எழுதும் 2க்கும், எழுத்துக்குக் கீழே சிறிதாக எழுதும் 2க்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். சமன்செய்யத் தெரிவதும் சமன்பாடு எதைச் சொல்கிறது என்று தெரிவதும் வெவ்வேறு திறன்கள். அமெரிக்காவில் நூரன்பெர்ன், பிக்கரிங் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களே வாய்பாட்டுக் கணக்கைப் போட்டுவிட்டு அதே செய்தியைத் துகள் படமாகக் கேட்டபோது தடுமாறினார்கள்.

படம் சரியாக வந்தபின், அதே கேள்வியைக் கிராமில் கேளுங்கள்: 12 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் இருந்தால் எத்தனை கிராம் நீர் கிடைக்கும், எது எவ்வளவு மிஞ்சும்? ஒரு மோல் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் 2 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் மூலக்கூறுகள் 32 கிராம்; எனவே 12 கிராம் ஹைட்ரஜன் 6 மோல், 64 கிராம் ஆக்சிஜன் 2 மோல். ஆக, இது முன்பு வரைந்த அதே பெட்டி. 72 கிராம் நீரும் 4 கிராம் ஹைட்ரஜனும் இருக்கும். கூட்டினால் 76, தொடக்கத்தில் இருந்ததும் 76. இரண்டும் ஒரே கேள்வி என்று மகள் தானாகக் கண்டுகொள்கிறாரா என்பதைக் கவனியுங்கள். நீங்கள் சுட்டிக்காட்ட வேண்டாம். படம் சரி, கிராம் தவறு என்றால் சிக்கல் மோலில் இருக்கிறது அல்லது கணக்கில் இருக்கிறது. அதைப் பிரித்தறிய வேதியியலே கலக்காத கேள்வி ஒன்று போதும்: நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்று இட்லி மாவு அரைக்கிறோம், 12 டம்ளர் அரிசியும் 2 டம்ளர் உளுந்தும்தான் வீட்டில் இருக்கின்றன, எவ்வளவு அரிசி மிஞ்சும்? நான்கு டம்ளர் என்று உடனே சொல்லிவிட்டால் விகித அறிவில் குறையில்லை, மோல் என்ற பெயரைக் கண்டு மிரள்கிறார் அவ்வளவுதான். இதிலும் தடுமாறினால், வேதியியல் டியூஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால் கீழ் வகுப்புக் கணிதத்தின் விகிதப் பாடத்தைத் திறக்க வேண்டும். வேதியியல் வரவில்லை என்று என்னிடம் வரும் பிள்ளைகள் பலருக்கு உண்மையில் வராதது இந்த விகிதம்தான்.

மோல் குறித்துக் கேட்பதற்கு நான் வைத்திருக்கும் கேள்வி வேண்டுமென்றே அரைகுறையாகக் கேட்கப்படுவது: ஒரு மோல் ஆக்சிஜன் எத்தனை கிராம்? 16 என்றோ 32 என்றோ சட்டென்று வரும் விடையை நான் பொருட்படுத்துவதில்லை. ‘அணுவா, மூலக்கூறா?’ என்று திருப்பிக் கேட்கும் மாணவிக்குத்தான் மோல் என்பது எண்ணிக்கை என்று விளங்கியிருக்கிறது. இங்கே ஒரு குறிப்பு: 12 கிராம் கார்பன்-12இல் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று பழைய புத்தகங்கள் தரும் மோலின் வரையறை 2019 மே 20 முதல் மாறிவிட்டது; இப்போது ஒரு மோல் என்பது துல்லியமாக 6.02214076 × 10²³ துகள்கள். அதேபோல் திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டர் என்று ஒரு புத்தகமும் 22.7 என்று இன்னொன்றும் சொல்லும்; முன்னது 1 வளிமண்டல அழுத்தத்துக்கு, பின்னது 1 பார் அழுத்தத்துக்கு. மகள் இரண்டில் எதைச் சொன்னாலும் பிழையென்று எண்ணிவிடாதீர்கள். எந்த அழுத்தத்தில் என்று கேளுங்கள்.

அமிலங்களில் ஒரே கேள்வி. ஒரே செறிவுள்ள, அதாவது 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலமும் 0.1 மோலார் அசிட்டிக் அமிலமும் தலா 20 மில்லிலிட்டர் இருக்கின்றன; எதன் பி.எச். மதிப்பு (அமிலத்தன்மை கூடக் கூடக் குறையும் எண்) குறைவு, எதை நடுநிலையாக்க அதிக சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் தேவை? முதல் பாதிக்கு எல்லாரும் சரியாகச் சொல்வார்கள்: ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். 1, அசிட்டிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 2.9. இரண்டாம் பாதியில்தான் பிரிவார்கள். வலிமை மிகுந்த அமிலத்துக்கு அதிகக் காரம் வேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் தவறு. இரண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் செலவாகும், ஏனென்றால் காரத்தைச் சேர்க்கச் சேர்க்க அசிட்டிக் அமிலத்தின் எஞ்சிய மூலக்கூறுகளும் அயனியாகிக்கொண்டே வரும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இது சற்றுக் கடினமான கேள்வி. தவறினால் அதை அடிப்படைக் குறையாகக் கொள்ள வேண்டாம். சரியாகச் சொன்னால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

ஆய்வகம் பற்றியும் கேட்கலாம், கருவிகள் இல்லாமலே. தரம்பார்த்தலில், அதாவது ஒரு கரைசலோடு முழுமையாக வினைபுரிய மற்றொன்று எவ்வளவு வேண்டும் என்று அளக்கும் சோதனையில், பியூரெட்டையும் (துளித்துளியாக விட்டு அளக்கும் நீண்ட குழாய்) பிப்பெட்டையும் (குறித்த அளவை எடுத்து விடும் குழாய்) அந்தந்தக் கரைசலால் அலச வேண்டும், கூம்புக்குடுவையை மட்டும் வாலைவடிநீரால் கழுவினால் போதும் என்று சொல்லித் தருகிறோம். மாணவர்கள் அதைச் சடங்குபோல் செய்கிறார்கள். ஏன் என்று கேட்டால், சுத்தத்துக்காக என்பார்கள். பியூரெட்டில் அமிலம், பிப்பெட்டால் எடுத்துக் குடுவையில் விடுவது காரம் என்று வைத்துக்கொண்டு, மூன்றிலும் சில துளி நீர் தங்கியிருந்தால் ஒவ்வொன்றாலும் பியூரெட் அளவீடு எப்படி மாறும் என்று கேளுங்கள். பியூரெட்டில் நீர் இருந்தால் அமிலம் நீர்த்துப்போகும், அளவீடு கூடும். பிப்பெட்டில் இருந்தால் குடுவைக்குள் போகும் காரம் குறையும், அளவீடு குறையும். குடுவையில் இருந்தால் ஒன்றும் ஆகாது; அங்கே கரைசல் நீர்த்துப்போவது உண்மைதான், ஆனால் உள்ளே விழுந்த காரத்தின் மோல் எண்ணிக்கை மாறவில்லை, அமிலம் சந்திக்க வேண்டியது அந்த எண்ணிக்கையைத்தான். செறிவுக்கும் மோல் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டும் கேள்வி வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் தரம்பார்த்தலை மகள் இன்னும் செய்து பார்த்திருக்காவிட்டால் இதை இப்போது கேட்காதீர்கள். முதல் செய்முறை வகுப்புகள் முடியட்டும்.

கேட்கும் முறை பற்றிச் சில சொற்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், இரண்டு மூன்று மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடாதீர்கள். சரியான விடைக்கும் தவறான விடைக்கும் ஒரே முகத்தோடு ‘எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். தவறுக்கு மட்டும் காரணம் கேட்டால், காரணம் கேட்டதுமே பிள்ளைகள் விடையை மாற்றிவிடுவார்கள். அங்கேயே திருத்தவும் வேண்டாம். மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து இப்போது ஆங்கிலவழிக்கு மாறியிருந்தால் கேள்விகளைத் தமிழிலேயே கேளுங்கள்; தமிழில் எல்லாம் சரியாக வருகிறது என்றால், இடைப்பருவத் தேர்வில் விழுந்ததற்குக் காரணம் வேதியியலுக்கு வெளியே இருக்கிறது.

இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. இவை என் வகுப்பில் பயன்படும் கேள்விகள், தரப்படுத்தப்பட்ட தேர்வு அல்ல. பெற்றோர் கேட்கும்போது பிள்ளை அச்சத்தில் தவறாகச் சொல்லவும் வாய்ப்புண்டு. இதில் நன்றாகச் செய்தவர் நீட் தேர்வில் நன்றாகச் செய்வார் என்றும் நான் சொல்ல மாட்டேன். அங்கே வேகமும் பயிற்சியும் தனியாக வேலை செய்கின்றன. கரிம வேதியியலின் பெரும்பகுதியை இந்தக் கேள்விகள் தொடவே இல்லை. இருந்தாலும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: துருப் புட்டிக் கேள்வியிலும் பெட்டிப் படத்திலும் தடுமாறுபவருக்குப் பதினொன்றாம் வகுப்பின் முதல் பாடத்தை எத்தனை முறை நடத்தினாலும் நிற்காது. அவர் ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களில் அணு, மூலக்கூறு, வேதிவினை பற்றிய பாடங்களுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு சமன்பாட்டையும் வட்டங்களாக வரைந்து பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும், ஓராண்டு ஆகாது.

குரூப் மாற்றுவது பற்றிக் கேட்டீர்கள். ஓர் இடைப்பருவத் தேர்வை வைத்து அந்த முடிவை எடுக்க வேண்டாம் என்பேன். மோலில் சிக்கியவர்கள் காலாண்டுத் தேர்வுக்குள் வெளியே வருவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். மகளுக்கே இந்தப் பாடத்தில் விருப்பம் இல்லை என்றால் அது வேறு பேச்சு, அதைக் கேள்விகளால் அளக்க முடியாது, உட்கார்ந்து அவரிடமே கேட்க வேண்டும். அதற்கிடையே, மகள் வரைந்த பெட்டிப் படங்களையும் கிராம் கணக்கையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வேதியியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று அந்தத் தாளைப் பார்த்தே அவர் சொல்லிவிடுவார்.